இப்போது வேண்டாம்

"நேரம் சரியில்ல, இப்ப வேணாம்" என்ற வாக்கியத்தை நான் அதிகம் கேட்டது ஜோசியரிடம் அல்ல, எங்கள் ஜமாஅத் பெரியவர்களிடம்தான். கணவன் அடித்த கதையோடு ஒரு பெண் வந்து நிற்கும்போது வரும் வாக்கியம் அது. சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மனைவியை அடிப்பது சரி என்று அவர்களில் ஒருவர்கூட என் காதுபடச் சொன்னதில்லை. "அவன் செஞ்சது தப்புதாம்மா. ஆனா இப்ப இதை ஸ்டேஷன், கோர்ட்டுன்னு கொண்டுபோனா யாருக்கு லாபம்? நாட்டு நெலம தெரியும்ல?" என்பார்கள்.

நாட்டு நிலைமை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கும் காலத்தில், அந்தச் சமூகத்துக்குள் தனக்கு நடக்கும் வன்முறையை ஒரு பெண் வெளியே சொல்லலாமா? சொன்னால் துரோகமா? சொல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர்? பல வருஷமாக என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது. இங்கே முழுசாக விரித்துப் போட்டுப் பார்க்கிறேன்.

*

முதலில் அந்தப் பயத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம்.

ஒரு ஊரில் ஒருவன் மனைவியை அடிக்கிறான். அவன் பெயர் முருகன் என்றால், செய்தியின் கீழே வரும் கமெண்டுகளில் குடி இருக்கும், சந்தேகபுத்தி இருக்கும், கடன் தொல்லை இருக்கும். பெயர் அப்துல்லா என்றால் மதம் மட்டும்தான் இருக்கும். முருகன் செய்தது முருகன் செய்தது. அப்துல்லா செய்தது 'அவங்க' செய்தது.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொல்கிறது. இந்தியச் சராசரி 29.3. தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். இந்த 38-ஐ எந்த மதத்தின் கணக்கில் எழுதுவது? எல்லா வீட்டிலும் உள்ள ஒரு நோய்க்கு ஒரே தெருவின் பெயரை வைத்தால், அந்தத் தெருக்காரர்கள் நோயையே மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

வெளியே இருக்கும் வெறுப்பும் முதலில் வந்து விழுவது பெண்கள் மேல்தான். 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற செயலி வந்தது. 2022 புத்தாண்டு நாளில் 'புல்லி பாய்'. பத்திரிகையாளர்கள், மாணவிகள், செயல்பாட்டாளர்கள் என்று முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்துப் போட்டு 'ஏலம்' விட்டார்கள். அந்தப் பெயர்களே வசைச்சொற்கள். ஆக, பெரியவர்கள் சொல்லும் ஆபத்து கற்பனை இல்லை. அந்த ஆபத்து அவர்களைவிட எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

*

ஆனால் பயம் நியாயமானது என்பதாலேயே அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவும் நியாயமாகிவிடாது. வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று படிகள். ஒன்று, நம் சமூகம் ஆபத்தில் இருக்கிறது. இரண்டு, நீ வெளியே சொன்னால் அந்த ஆபத்து கூடும். மூன்று, ஆகவே சொல்லாதே. முதல் படியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதையும் பல சமயம் ஒப்புக்கொள்வேன். மூன்றாவது படியில்தான் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மௌனத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கு.

பள்ளிவாசலுக்குத் தலைக்கட்டு வரி போட்டால் எல்லாக் குடும்பமும் கொடுக்கும். சமூக ஒற்றுமைக்கான வரியை மட்டும் ஒரே வீட்டில், அந்த வீட்டிலும் ஒரே ஆளிடம் வசூலிக்கிறோம். அவள் அதைத் தூக்கத்திலும் பல்லிலும் விலா எலும்பிலும் கட்டுகிறாள். வரி போட்ட கூட்டத்தில் அவள் உட்கார்ந்திருக்கவே இல்லை. முடிவெடுத்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். பலன் எல்லாருக்கும், செலவு ஒருத்திக்கு, அவளிடம் கேட்கவும் இல்லை என்றால், அந்த ஏற்பாட்டைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தியாகம் என்றால் கொடுப்பவர் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த 'இப்போது'. கடன்காரன்கூடத் தவணைக்கு ஒரு தேதி சொல்லுவான். 'இப்போது வேண்டாம்' என்பவர்களிடம் "எப்ப வேணும்?" என்று கேட்டால் பதில் இருக்காது. தேர்தலுக்கு முன்னால் கூடாது, கலவரத்துக்குப் பின்னால் கூடாது, தீர்ப்பு வரும்வரை கூடாது. சிறுபான்மைக்கு நேரம் எப்போது சரியாக இருந்தது?

இங்கே சபூர் என்ற சொல்லையும் பேசியாக வேண்டும். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கற்றுத்தரப்படும் சொல். "சபூர் செய்யிம்மா, அல்லாஹ் கூலி குடுப்பான்." பொறுமை பெரிய குணம், சந்தேகமில்லை. மரணத்தில், நோயில், மனிதக் கைக்கு எட்டாத இழப்பில் ஒருவர் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் குணம் அது. ஆனால் மாமியாரும் ஹஜ்ரத்தும் முத்தவல்லியும் சேர்ந்து ஒருத்தியிடம், இன்னொருவனின் கையை முன்வைத்து, சபூர் செய் என்றால், அங்கே பொறுமையாக இருப்பது யார்? அவன் கை சும்மா இருந்தால் அவளுக்கு சபூரே தேவைப்பட்டிருக்காது. நபியவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தன் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா நாயகி சொல்லும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெண்களுக்கு சபூர் பற்றி நடக்கும் பயானில் பாதியாவது ஆண்களுக்கு இந்த ஹதீஸைப் பற்றி நடந்திருந்தால், நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

*

2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் பெண்கள் உட்கார்ந்தபோது, எங்கள் ஊரிலும் பந்தல் போட்டோம். பகல் முழுக்கப் பெண்கள், மடியில் குழந்தைகள். கைக்குழந்தையோடு வந்தவர்களை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். டிவிக்காரர்கள் வந்தால் அந்த வரிசைதான் படத்தில் தெரியும்.

அந்த வரிசையில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இருந்தார். கையில் கட்டு. கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். உண்மை தெருவுக்கே தெரியும். அவருடைய அம்மா ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். "போராட்டம் முடியட்டும்மா. இப்ப இதப் பேசுனா நம்மளப் பிரிச்சிடுவாங்க" என்று பதில் வந்தது. காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். "உங்க ஜமாஅத்துலயே பேசிக்கங்கம்மா, நாங்க தலையிட்டா வேற பிரச்சினையாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜமாஅத் சமூகத்தின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அரசாங்கமும் அதே சமூகத்தின் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்பியது.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். பந்தல் அதற்குள் பிரிக்கப்பட்டிருந்தது. போராட்டம் முடிந்துவிட்டது, சொன்ன தவணை வந்துவிட்டது. இப்போது "ஊரடங்கு முடியட்டும்" என்றார்கள். அந்த மாதங்கள் முழுக்க அந்த அக்கா அதே வீட்டில், அதே ஆளோடு, பூட்டிய கதவுக்குள். அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஜமாஅத்தின் விசாரணை அதற்குப் பிறகும் தொடங்கவில்லை.

அந்தப் பந்தலை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். அரசியல் சாசனத்தின் முகவுரையை மைக்கில் வாசித்தது பெண்கள்தான். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. சமூகத்தின் முகமாகத் தெருவில் உட்கார வைக்கப் பெண் வேண்டும், அதே பெண்ணின் வழக்கைப் பேசும் கூட்டத்தில் அவள் உட்காரக்கூடாது. இது என்ன நியாயம்?

*

ஒரு பெண்ணின் வழக்கு எப்படி எல்லாருடைய வழக்காகவும் மாறி, கடைசியில் அவளுடையதாக இல்லாமல் போகும் என்பதற்கு ஷா பானுவைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

இந்தூரில் 1932-ல் திருமணம், ஐந்து பிள்ளைகள். கணவர் வழக்கறிஞர். 1975-ல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார், 1978-ல் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார், அந்த வருஷமே தலாக். மாஜிஸ்திரேட் போட்டது மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதோடு நிற்காமல், பொது சிவில் சட்டம் வராமல் இருப்பதைப் பற்றியும் நீதிபதிகள் வருத்தப்பட்டு எழுதினார்கள். கிழவி கேட்டது மாதச் செலவுக்குப் பணம். கிடைத்தது தேசத்தைப் பற்றிய விவாதம்.

இந்தப் பக்கம் ஊர்வலங்கள், கண்டனக் கூட்டங்கள். அந்த நவம்பரிலேயே ஷா பானு வெளிப்படையாகக் கடிதம் எழுதி, தீர்ப்பு மார்க்கத்துக்கு விரோதமானது, எனக்கு வேண்டாம் என்று அறிவித்தார். எழுபதை நெருங்கும் வயதில், ஏழு வருஷம் கோர்ட் படியேறி வாங்கிய 179 ரூபாயை அவரே விட்டுக்கொடுத்தார். 1986-ல் ராஜீவ் காந்தி அரசு முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அவருக்காக வாதாடிய டேனியல் லதீஃபி அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001-ல் உச்சநீதிமன்றம், பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான தொகையை இத்தா காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கே பொருள் சொன்னது. விவாகரத்தான முஸ்லிம் பெண், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் மறுபடி உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 39 வருஷம். ஷா பானு 1992-லேயே இறந்துவிட்டார்.

அந்தக் கடிதத்தை நான் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை. ஒரு பக்கம் தன் மக்கள், மறுபக்கம் தன் சோறு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு மனுஷியை நிறுத்துவதே ஒரு வன்முறை. அந்த நெருக்கடிக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்தே பொறுப்பு.

*

வெளியே இருந்து வரும் உதவியைப் பற்றிப் பேசுவோம். முஸ்லிம் பெண்ணைக் காப்பாற்றக் கிளம்புவது பழைய தொழில். எகிப்தில் பிரிட்டிஷ் ஆட்சியை நடத்திய குரோமர் பிரபு, இஸ்லாம் பெண்களை இழிவுபடுத்துகிறது, முகத்திரையே அதற்குச் சாட்சி என்று எழுதியவர். அவரே ஊர் திரும்பிய பிறகு, இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று போராடிய ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். கெய்ரோப் பெண்ணின் விடுதலை பற்றிக் கவலை, லண்டன் பெண்ணின் விடுதலை பற்றிப் பயம். லைலா அஹ்மத் தன் ஆய்வில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

நம் காலத்தில் தேடினால் பக்கத்திலேயே கிடைக்கும். 2019-ல் முத்தலாக்கைக் குற்றமாக்கிய சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை சிறை. முஸ்லிம் சகோதரிகளுக்கு நீதி என்றார்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் 11 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். 2002-ல் குஜராத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த அவரைக் கூட்டு வன்புணர்வு செய்து, மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தினரைக் கொன்ற வழக்கு. சிறைவாசலில் இனிப்பு கொடுத்து வரவேற்றார்கள். 2024 ஜனவரி 8-ல் உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. அந்த ஒன்றரை வருஷத்தில், சகோதரிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. குற்றவாளியின் பெயரை மாற்றிப் பார். அப்போதும் உன் கோபம் அதே சூட்டில் இருந்தால் நீ அந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறாய். ஆறிப்போனால் நீ வேறு எதற்காகவோ பேசுகிறாய். இந்த அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும். பில்கிஸுக்காகத் தெருவுக்கு வந்த நாங்கள், அடுத்த வீட்டு அக்காவுக்காக ஜமாஅத் வாசல்வரை போனோமா?

*

'இப்போது வேண்டாம்' எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிய இலங்கையைப் பார்க்கலாம். அங்கே முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி தமிழ். இந்த வழக்கைப் பெண்கள் பேசியதும் பெரும்பாலும் நம் மொழியில்தான்.

1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்சத் திருமண வயது கிடையாது. 12 வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். 1995-ல் மற்றவர்களுக்கு 18 ஆக்கியபோதும் முஸ்லிம் சிறுமிகள் விடுபட்டார்கள். மணப்பெண் கையெழுத்துப் போடத் தேவையில்லை. காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்புரை, முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. அதனால் நீதிமன்றம் போயும் பயனில்லை.

பெண்கள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 2009-ல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு. அறிக்கை வந்தது 2018-ல், அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து. அடுத்த வருஷம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதைத் தொடர்ந்து முஸ்லிம்களின் கடைகள் மீதும் பள்ளிவாசல்கள் மீதும் தாக்குதல். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை அடக்கம் செய்யவிடாமல் எரித்தார்கள். அதே அரசு 2021 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்று ஒரு செயலணி அமைத்தது. தலைவர் ஞானசார தேரர். 2014 அளுத்கம வன்முறைக்குச் சற்று முன் அங்கே கூட்டம் போட்டு முஸ்லிம்களுக்கு எதிராக முழங்கியவர். முதலில் அறிவித்த 13 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

அந்தப் பெண்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் முப்பது வருஷமாகக் கேட்டதை, அவர்களுடைய மையத்தை எரித்த கை நீட்டுகிறது. வாங்கினால் துரோகி, மறுத்தால் சிறுமிகள். இதற்கெல்லாம் முன்பு நேரம் சரியாக இருந்த வருஷங்களும் இருந்தனவே, அப்போதே பெரியவர்கள் தாமாக முன்வந்து திருத்தியிருந்தால் இந்தக் கைக்கு வேலையே இருந்திருக்காது. 2024 முடியும்வரை சட்டம் திருத்தப்படவில்லை. தள்ளிப்போட்டதால் சமூகம் பாதுகாக்கப்படவில்லை. எதிரிக்கு ஆயுதம் கிடைக்கும் என்று பயந்து ஒளித்து வைத்ததே எதிரிக்கு ஆயுதமானது.

*

"சரி, அப்ப என்னதான் வழி?" என்று கேட்பீர்கள். ஒரு வழியைப் புதுக்கோட்டையில் பெண்கள் நடந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஷரீஃபா கானம் தொடங்கிய 'ஸ்டெப்ஸ்' அமைப்புக்கு வந்த பெண்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்றுதான்: ஊர் ஜமாஅத் அவர்களை உள்ளே விடவில்லை, அவர்கள் இல்லாமலே அவர்கள் வழக்கு முடிந்துபோனது. இதிலிருந்து உருவானதுதான் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். 2000-களின் தொடக்கத்திலேயே, பெண்களே உட்கார்ந்து மனுவைக் கேட்டு, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு, மஹரும் நகையும் பிள்ளையும் யாரிடம் என்று பேசினார்கள். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போனார்கள். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டுவோம் என்றார்கள். தீபா தன்ராஜ் 2011-ல் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம்.

அவர்கள் மார்க்கத்தை விட்டு வெளியே போகவில்லை. வீட்டுக்குள்ளே அடங்கியும் கிடக்கவில்லை. ஜமாஅத் என்ற சொல்லுக்கு 'கூடியிருப்போர்' என்று பொருள். நாங்களும் கூடினால் அதுவும் ஜமாஅத்தான் என்றார்கள், அவ்வளவுதான். சமூகமா, நீதியா என்று அவளிடம் கேட்பது பிழையான கேள்வி. அவளும் அந்தச் சமூகம்தானே. அவள் வாங்கும் அடியும் சமூகத்தின் மேல் விழும் அடிதானே. வெளியிலிருந்து வரும் கல்லைத் தாக்குதல் என்கிறோம், உள்ளே விழும் அறையை மட்டும் குடும்ப விஷயம் என்கிறோம்.

பேசினால் வெறுப்பாளர்கள் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா? பயன்படுத்துவார்கள். நாங்கள் பேசாவிட்டாலும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அப்போது அந்தக் கதையைச் சொல்லும் வாய் அவர்களுடையது மட்டும்தான்.

இதைப் படிக்கும் நீங்கள் முஸ்லிம் இல்லை என்றால், செய்ய வேண்டியது தீர்ப்புச் சொல்வதல்ல. தோழி ஒருத்தி வாயைத் திறக்கும்போது "உங்கள்ல இப்படித்தானா?" என்று கேட்காமல் இருங்கள். அந்த ஒரு கேள்வியில் அவள் மனைவி என்ற இடத்திலிருந்து இறங்கி, மதத்துக்கு வக்கீலாக மாறிவிடுவாள். நீங்கள் என் சமூகத்து ஆண் என்றால், உங்கள் ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கை அவள் இல்லாமல் பேசும்போது எழுந்து வெளியே வாருங்கள். இரண்டு பேர் எழுந்தால் கூட்டம் நிற்கும்.

எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. கணவன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை அது தருகிறது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற எண் இருக்கிறது. "ஜமாஅத்துல பேசிக்கங்க" என்று அவளைத் திருப்பி அனுப்ப எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள யாரும் நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு பெண் வந்து நின்றால், மார்க்கம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, நாட்டு நிலைமை என்ன சொல்கிறது என்பதெல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்னிக்கு ராத்திரி எங்கம்மா படுப்பே?" என்பதுதான். அதற்கு ஒரு வீட்டைக் காட்டிவிட்டு, மற்றதைக் காலையில் அவளையும் உட்காரவைத்துப் பேசுவோம்.